தூக்குக்குண்டும் ஒரு சின்னக் கழுத்தும்

எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டிப் பிடிப்பார்களே, அந்தப் பித்தளைக் குண்டுதான். நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்த என் அப்பாவுடையது. போன வருஷம் மே மாதம் அதை எடுத்துக்கொண்டு வந்து, அலமாரியின் மேல்கட்டையில் ஆணியடித்து, நூல் கண்ணாடியின் நடுவில் வருகிற மாதிரி தொங்கவிட்டார். என் மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. பிறந்ததிலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்திருந்த கழுத்தின் தசையில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கழுத்து நேரானது அதற்குப் பிறகு வீட்டில்தான்: பாயில், கண்ணாடி முன்னால், சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில். இதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த முதல் மாதம் நான் அத்தனை பயந்திருக்க மாட்டேன். இதே வழியில் போகிற வேறு ஒரு அம்மாவுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவள் பிறந்த மூன்றாவது வாரம், குளிப்பாட்டும்போது மாமிதான் முதலில் பார்த்தார்கள். வலது பக்கக் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. கல் மாதிரி இருந்தது, தொட்டால் அவள் அழவில்லை. எங்கள் குமரி மாவட்டத்தில் சுளுக்கு, முறிவு, கழுத்துப் பிடிப்பு எதுவானாலும் முதலில் வர்ம ஆசானிடம் போவதுதான் பழக்கம். மாமியும் பக்கத்து ஊர் ஆசானிடம் கொண்டுபோனார்கள். அவர் கட்டியை ஒரே விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "பச்சப்பிள்ளைக்க கழுத்து. இதுல நான் தடவ மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அந்த மனிதரின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

நாங்கள் போன இடத்தில், பார்த்த டாக்டர், "இது தானாகக் கரைந்துவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் பொய் இல்லை. ஆறு மாதத்தில் கட்டி காணாமல் போய்விட்டது. மாமி கோயிலுக்கு வெடிவழிபாடு போட்டார்கள். கட்டி போன இடத்தில் தசை நாராக இறுகிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த மாதிரி கழுத்துச் சாய்வோடு பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களுக்குள் தசையை நீட்டிவிடும் பயிற்சியைத் தொடங்கினால், பத்தில் ஒன்பது பேருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. கட்டி மறைவது ஒன்று, தசை நீளுவது வேறொன்று. அந்த இரண்டையும் எங்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. ஆறு மாதக் குழந்தையை மடியில் போட்டுச் செய்திருக்க வேண்டியதை ஐந்தரை வயதில், தையல் போட்ட கழுத்தில் செய்ய வேண்டி வந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கழுத்துச் சாய்வோடு பிறக்கும் குழந்தைகள் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அவளுடைய அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். தினமும் ராத்திரி வீடியோ கால். "போனை நேரே பிடி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் நேராகத்தான் பிடித்திருப்பேன். ஒரு நாள் அவரே பேச்சை நிறுத்தி, "பின்னாடி காலண்டர் நேரா இருக்கு, பிள்ளைதான் சரிஞ்சிருக்கா" என்றார். அன்றைக்கு ராத்திரி நான் பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் தலை வலது தோள் பக்கம், தாடை இடது பக்கம். வலது கன்னம் இடது கன்னத்தைவிடச் சற்றுச் சின்னது. அழகாகத் தலையைச் சாய்த்து நிற்கிறாள் என்று நாங்கள் நினைத்த படங்கள் அவை.

அடுத்த வாரம் எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் உடனே கத்தியைப் பற்றிப் பேசவில்லை. கழுத்து எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், எலும்புகள் ஒட்டிப் பிறந்திருக்கிறதா என்று பார்க்க. கண் மருத்துவரிடம் அனுப்பினார். கண்ணை அசைக்கும் தசை பலவீனமாக இருந்தால், இரண்டு இரண்டாகத் தெரியாமல் இருக்கக் குழந்தைகள் தாமாகவே தலையைச் சாய்த்துக்கொள்வார்களாம். அப்படியானால் கழுத்தை அறுப்பதில் பிரயோஜனமே இல்லை. இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகுதான் தசையைப் பற்றிச் சொன்னார்.

காதுக்குப் பின்னால் ஒரு எலும்பு முட்டு இருக்கும், தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஒரு தசை சாய்வாக இறங்கி, நெஞ்செலும்பின் மேல்முனையிலும், கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பிலும் இரண்டு கால்களாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட் என்று பெயர். தலையைத் திருப்பினால் கழுத்தில் கயிறு மாதிரி எழும்புகிறதே, அதுதான். வலது பக்கத் தசை சுருங்கினால் தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். அதனால் பயிற்சி முழுவதும் இதற்கு எதிர்த் திசையில்: தலை இடப்பக்கம் சாய வேண்டும், முகம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதலில் இது எனக்குக் குழப்பமாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட், "இடது காது இடது தோளுக்கு, தாடை வலது தோளுக்கு" என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். உங்கள் குழந்தைக்கு இடது தசை என்றால் எல்லாம் தலைகீழ், இதை அப்படியே செய்துவிட வேண்டாம்.

காறை எலும்புக்கு ஒரு விரல் மேலே, கழுத்து மடிப்பை ஒட்டிச் சின்னதாகக் கீறி, இறுகிய தசையின் கீழ்முனையை விடுவித்தார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம், ஸ்பாஞ்ச் காலரோடு.

ஆபரேஷனுக்குப் பிறகு ஏன் பயிற்சி? நானும் கேட்டேன். விடுவித்த தசையின் முனை அந்தரத்தில் நிற்காது. உடம்பு அந்த இடைவெளியைத் தழும்புத் திசுவால் நிரப்பும். தழும்பு முற்றும்போது சுருங்கும். கழுத்தைச் சும்மா விட்டால் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். தழும்பு இளசாக இருக்கும்போதே நீட்டி நீட்டி அதை நீளமாக முற்றவிட வேண்டும். தென்னங்கயிறு திரிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத் தொடங்கச் சொன்னார்கள். இந்தக் கணக்கு டாக்டருக்கு டாக்டர் மாறும். சிலர் இன்னும் சீக்கிரம் தொடங்குவார்கள், சிலர் காலரையோ பட்டையையோ ஆறு வாரம் வரை போடச் சொல்வார்கள். வெட்டியவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

முதல் நாள். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். என் இடது கையை அவளுடைய வலது தோளின் மேல் வைத்து, தோள் மேலே ஏறாமல் பிடித்துக்கொண்டேன். வலது கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, மெதுவாக இடது காதை இடது தோள் பக்கம் கொண்டுபோனேன். தோளைப் பிடிக்காவிட்டால் இந்தப் பயிற்சியில் பயனே இல்லை, ஏனென்றால் தோளும் கூடவே வந்துவிடும், தசை நீளாது. கொஞ்ச தூரம் போனதும் கைக்கு ஒரு தடை தெரியும். அந்த இடத்தில் நிறுத்திப் பதினைந்து வினாடி பிடிக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளக் கூடாது, வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அவள் கண்ணோரத்தில் தண்ணீர் காதை நோக்கி ஓடியது. நான் மூன்று வினாடியில் விட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் செய்தேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "இழுக்கிற மாதிரி இருக்கும், அது வேணும். குத்துகிற மாதிரி வலின்னா வேணாம். பிள்ளையிடமே கேளுங்க, அவளுக்குச் சொல்லத் தெரியும்" என்றார். கேட்டேன். "சடை பின்னும்போது இழுக்குமே, அப்படி இருக்கும்மா" என்றாள். அதற்குப் பிறகு எனக்குக் கை நடுங்கவில்லை. சடை இழுப்பு என்றால் சரி, முள் குத்து என்றால் நிறுத்து. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். முள் என்று அவள் சொன்ன உடனே நான் கையை எடுத்துவிடுவேன், ஒரு தடவை கூடத் தவறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் மீதி மாதங்கள் ஓடின.

பதினைந்து வினாடியை எண்ணுவதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். பிசியோவுக்காக வாரம் இரண்டு முறை நாகர்கோவில் போய் வந்தோம், வீடு தக்கலைக்குப் பக்கம். திரும்பி வரும் பஸ்ஸின் ஸ்டாப்புகளை நிதானமாகச் சொல்வாள்: "வடசேரி... பார்வதிபுரம்... சுங்கான்கடை... தோட்டியோடு... வில்லுக்குறி... புலியூர்குறிச்சி... தக்கலை." தக்கலை வந்ததும் கையை விட வேண்டும். பத்து ட்ரிப். காலை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாயங்காலம், படுக்கும் முன் என்று நாலு வேளை. இரண்டாவது மாதம் முப்பது வினாடி ஆக்கச் சொன்னபோது பஸ்ஸை நீட்டிவிட்டாள்: அழகியமண்டபம், முளகுமூடு, சாமியார்மடம், இரவிபுதூர்கடை, மார்த்தாண்டம்.

பயிற்சிக்கு முன்னால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஐந்து நிமிடம் கழுத்தில் போட்டால் தசை இளகிக் கொடுக்கும். இதில் ஒரு எச்சரிக்கை. கீறிய இடத்தைச் சுற்றிக் கொஞ்ச நாள் மரத்துப்போன மாதிரி இருக்கும். தோலுக்கு உணர்வு கொடுக்கும் மெல்லிய நரம்புகள் அந்த வழியாகத்தான் போகின்றன. சூடு கூடினாலும் பிள்ளைக்குத் தெரியாது. என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் போடுவேன். புண் முழுதாக ஆறும் வரை அதுவும் கிடையாது.

புண் ஆறியதும் தழும்பைத் தேய்க்கச் சொன்னார்கள். வீட்டில் ஆட்டிய தேங்காயெண்ணெய், ஒரு சொட்டு. விரல் நுனியை வைத்து, தோலின் மேல் வழுக்காமல், தோலையே அடியில் இருக்கிற சதையின் மேல் நகர்த்துகிற மாதிரி சின்னச் சின்ன வட்டம். தினம் ஐந்து நிமிடம். ஒன்றரை மாதம் வரை அந்த இடம் உள்ளே ஒரு மரச்சீனி (மரவள்ளி) நார் சிக்கிக்கொண்ட மாதிரி தட்டுப்பட்டது. மெல்ல மெல்ல இளகியது. இப்போது விரலை ஓட்டினால் ஒரு கோடு தெரிகிறது, அவ்வளவுதான்.

நீட்டுவது ஒரு பாதி. இடது பக்கத் தசை ஐந்து வருஷமாக வேலையே இல்லாமல் தொளதொளவென்று கிடந்தது, அதற்கும் பலம் வேண்டும். வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையை மட்டும் தரையிலிருந்து தூக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்ல வேண்டும். கேட்க எளிது. முதல் வாரம் அவளால் இரண்டு எண்ணுவதற்குள் தலையை வைத்துவிட வேண்டியிருந்தது, முகம் சிவந்துவிடும். இரண்டு மாதம் கழித்து, என் உள்ளங்கையை அவள் தலையின் இடப்பக்கம் வைத்து, அதைத் தள்ளச் சொல்லும் பயிற்சி. கை அசையாது, தலையும் அசையாது, தசை மட்டும் வேலை செய்யும்.

இதெல்லாம் கையால் செய்வது. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது வேறொன்று.

காலரைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, அவள் தலையை நான் நேராக வைத்தேன். "எப்படி மக்கா இருக்கு?" என்றேன். "சரிஞ்சிருக்கேன்" என்றாள். "இல்ல மக்கா, இப்பதான் நேரே நிக்கே." அவள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெல்லத் தலையை வலப்பக்கம் கொண்டுபோய், "இதுதான் நேரு" என்றாள். பிடிவாதம் இல்லை, உண்மையாகவே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த கதவு, ஜன்னல், என் முகம் எல்லாம் அந்தச் சாய்விலிருந்து பார்த்தவை. தசையை டாக்டர் விடுவித்துவிட்டார், ஆனால் எது நேர் என்று அவள் உடம்புக்கு இன்னும் தெரியாது. நான் சொன்னால் அதை அவள் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தூக்குக்குண்டோடு வந்தார். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, குண்டு ஆடி ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். "மக்கா, இந்த நூலு பொய் சொல்லாது. நான் கட்டின வீடெல்லாம் இது சொன்னபடிதான் நிக்குது. உனக்க மூக்கு, வாய், தாடை மூணும் நூலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிடணும், பாப்போம்" என்றார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நூலுக்குப் பின்னால் கொண்டுவந்தாள். தாடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாடையைக் கொண்டுவந்தாள், மூக்கு விலகியது. கழுத்தை இப்படியும் அப்படியும் அசைத்து, ஒரு கணம் மூன்றும் நூலுக்குப் பின்னால் மறைந்தன. "ஒளிஞ்சாச்சு!" என்று கத்தினாள். கத்தியதில் தலை மறுபடி சாய்ந்துவிட்டது. அப்பா குண்டைப் பிடித்து நிறுத்தி, "இன்னொருக்கா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் கண்ணாடி வேலை. முதலில் கண்ணைத் திறந்துகொண்டு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நேராக வைக்கச் சொல்லிவிட்டு, திறந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அவளே பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தது பிசியோதெரபிஸ்ட். கண்ணை மூடினால் நேராக நிற்க அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. எல்லாப் பயிற்சியிலும் இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

மீதியை வீட்டின் போக்கிலேயே செய்தோம். டிவியை அவளுக்கு வலப்பக்கம் மாற்றினேன். சாப்பாடு கொடுப்பதும் கதை சொல்வதும் வலப்பக்கத்திலிருந்துதான். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டு, போர்டு அவளுக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி இடது ஓர பெஞ்சில் உட்கார வைத்தேன். பஸ்ஸில் வலப்பக்க ஜன்னல். நாகர்கோவிலிலிருந்து வரும்போது வேளிமலை அந்தப் பக்கம்தான் கூடவே வரும். சுங்கான்கடையில் தொடங்கி, மலை மேல் மேகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வருவேன். தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் திரும்பிப் பார்ப்பாள். தனியாகப் பயிற்சி என்று சொன்னால் பத்து தடவைக்கு மேல் செய்ய மாட்டாள், மலைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்புவாள்.

தவறும் நடந்தது. ஏழாவது வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மூன்று நாள் கல்யாண வீட்டில், நாலு வேளையும் விட்டுப்போயிற்று. திரும்பி வந்து பாயில் போட்டால், வில்லுக்குறி வரை வந்துகொண்டிருந்த கழுத்து பார்வதிபுரத்திலேயே நின்றுவிட்டது. அதை மீட்க இரண்டு வாரம் ஆயிற்று. அதே கல்யாண வீட்டில் ஒரு பெரியவர், "கழுத்துல ஒரு நெட்டி எடுத்தா சரியாயிரும்" என்று கையை நீட்டினார். நான் பிள்ளையை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். வயதில் பெரியவர், மனது சங்கடப்பட்டிருக்கும். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: ஆபரேஷன் ஆன கழுத்தில் நெட்டி முறிப்பது, தலையைச் சுழற்றிவிடுவது, சலூன் மசாஜ் எதுவும் கூடாது. காய்ச்சல், தழும்பில் சீழ் அல்லது வீக்கம், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், தோளைத் தூக்க முடியாமை, கையில் மரப்பு இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம்தான் போக வேண்டும். தோளைத் தூக்கும் நரம்பு அந்தத் தசையை ஒட்டித்தான் ஓடுகிறது.

முன்னேற்றத்தை நான் விரலால் அளந்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று. முதல் நாள் வலப்பக்கம் இரண்டு விரல், இடப்பக்கம் ஏழு. தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைப்பேன். ஜூன் கடைசியில் இடப்பக்கம் ஆறு. ஓணத்துக்கு ஐந்து. சிலசமயம் மூன்று வாரம் நகரவே நகராது. அப்போதெல்லாம் பழைய தாளை எடுத்துப் பார்ப்பேன்.

இப்போது நாலு வேளை இரண்டு வேளையாகக் குறைந்திருக்கிறது. தூக்கம் வரும்போது தலை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போகிறது. கன்னங்கள் சமமாக இன்னும் சில வருஷம் ஆகும் என்கிறார்கள். எலும்பு சடசடவென்று வளரும் காலத்தில் தழும்பு கூடவே நீளாமல் இழுக்கலாம் என்பதால், அவள் உயரத்தைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா மாதம் ஒருமுறை கதவு நிலையில் அவளை நிறுத்திப் பென்சிலால் கோடு போடுகிறார். போன மாதக் கோட்டுக்கும் இந்த மாதக் கோட்டுக்கும் நடுவில் ஒரு நெல் அளவு இருந்தது. உடனே அவளை உட்கார வைத்து விரலால் அளந்தேன். வலப்பக்கம் மூன்று. இடப்பக்கம் நாலு, நாலாவது விரல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போயிற்று.